கப்பலுக்குக் கிழித்த துணி

28 ஜனவரி 1978

இன்று இவருடைய மூன்றாவது வேட்டியையும் கிழித்தாகிவிட்டது. கரையை உருவிப் போட்டுவிட்டு, நைந்து மெத்தென்று இருக்கிற நடுப்பாகத்தை மட்டும் சதுரம் சதுரமாகக் கிழித்தேன். கோடித் துணி பிள்ளையின் தொடையை அறுக்கும். பல தடவை வெள்ளாவி கண்ட வேட்டிதான் மூத்திரத் துணிக்கு லாயக்கு. சாயங்காலம் சொசைட்டியிலிருந்து வந்தவர் கொடியைப் பார்த்துவிட்டு, நாளைக்கு எதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போவது, பெரிய பேஜாராகப் போயிற்றே என்றார். பிள்ளைக்குப் போக மிச்சம் இருந்தால் ஒரு கோவணம் தருகிறேன் என்றேன். சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் இவர் சிரிப்பதே இல்லை.

சிங்கப்பூர்க் கப்பல் மதராஸிலிருந்து கிளம்பினால் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். கப்பலில் நல்ல தண்ணீரை அளந்துதான் விடுவார்களாம். உப்புத் தண்ணீரில் அலசின துணியைக் கட்டினால் பிள்ளைக்குப் புண்ணாகும். அதனால் துவைக்காமலே ஒரு வாரம் ஓட்டுகிற அளவுக்குத் துணி வேண்டும். இதையெல்லாம் சொன்னது பவளம் அண்ணி, இவருடைய அக்கா. அங்கே வாழ்க்கைப்பட்டவள். போன ஆடியில் தாய்வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாசக் கடைசியில் திரும்பும்போது என்னையும் பிள்ளையையும் கூட்டிப் போகிறாள். இரண்டு மாசம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமாம். செலவு அவளுடையது.

காவாந்தண்டலத்தை விட்டால் காஞ்சிபுரம்தான் எனக்குத் தெரிந்த தூரதேசம். ராத்திரி சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

2 பிப்ரவரி

துணி மடிக்கும்போது வாய் தவறி 'எம் புள்ள துணி' என்று சொல்லிவிட்டேன். மாமியார் திரும்பி மண்ணில் துப்பினார். "பவளத்தோட புள்ள துணின்னு சொல்லுடி."

சரிதான். நான்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். முதல் இரண்டும் எனக்குத் தங்கவில்லை. ஒன்று தொட்டிலில் போடும் முன்பே போயிற்று. இன்னொன்று குப்புறக் கவிழ்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டு போயிற்று. அதனால் இவள் பிறந்ததும் மாமியார் இவளைத் தவிட்டுக்கு விற்றார். எல்லார் வீட்டிலும் பிள்ளைகளைச் சீண்டுவதற்கு, 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்பார்கள். இந்த வீட்டில் அது நிஜமாகவே நடந்தது. தெரு பார்க்க, வாசல்படியில் நான் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றேன். அண்ணி ஒரு முறம் தவிட்டை அதில் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அப்புறம் என்னிடமே திருப்பிக் கொடுத்து, "எம் புள்ள இது. வளத்துக் குடு" என்றாள். முறைப்படி சொல்லவேண்டிய சொல்தான். நான் தவிட்டைக் கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டி, மாடு தின்று முடிக்கும்வரை நின்றேன். மாடு தின்றால்தான் விற்றது விற்றதாகும்.

பிச்சம்மாள் என்று பேரும் வைத்தாயிற்று. அடுத்த வீட்டுப் பிள்ளையை எமன் எதற்கு என் வீட்டில் வந்து தேடப்போகிறான்? ஆறு மாசமாக நல்லபடியாகத்தான் இருக்கிறாள்.

5 பிப்ரவரி

காஞ்சிபுரம் போய் ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்தோம். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்து, பல்லைக் காட்டாதே என்று ஆயிரம் சொன்னான். பிள்ளையைத் தனியாக எடுக்க முடியாது, யாராவது மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றான். நான் எழுந்திருக்கும் முன் அண்ணி உட்கார்ந்துவிட்டாள். பட்டுச் சேலை கட்டி வந்திருந்தாள். அவள் மடியில் பிள்ளை சிரித்தது.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குத் தலைவலி.

9 பிப்ரவரி

அண்ணி டப்பாப் பாலும் புட்டியும் வாங்கி வந்திருக்கிறாள். கப்பல் ஆட்டத்தில் தாய்க்கு வாந்தி எடுத்து எடுத்துப் பால் வற்றிவிடுமாம். இப்போதே பழக்கிவிட வேண்டுமாம். நாலு நாள் துப்பின பிள்ளை இன்று அண்ணியின் கையால் ஒரு புட்டியையும் குடித்து முடித்தது. அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன். பிள்ளை வயிறு நிறைந்ததற்கு யாராவது வருத்தப்படுவார்களா? எனக்கு வருத்தமாக இருந்தது.

10 பிப்ரவரி

மார் கட்டிக்கொண்டு ஜுரம் மாதிரி இருந்தது. பிழிந்து சுவரோரம் ஊற்றினேன்.

13 பிப்ரவரி

அண்ணி பிச்சம்மாவுக்குக் கவுன்கள் எடுத்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். எல்லாம் நடக்கிற பிள்ளைக்கான அளவு. பூட்ஸ் ஒன்று, அதுவும் அப்படித்தான். இரண்டு மாசத்தில் பூசணிக்காய் கூட இவ்வளவு வளராதே அண்ணி என்றேன். வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகத்தான் எடுக்கவேண்டும் என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ராணியம்மாள் மோர் வாங்க வந்தவள் அந்தக் கவுன்களைப் பார்த்தாள். கிணற்றடி வரைக்கும் என்னோடு வந்தாள். அவளுடைய நாத்தனார் பிள்ளையையும் தவிட்டுக்குத்தான் விற்றார்களாம். யாரிடம் என்றேன். ஏழு பெற்றவளிடமாம்.

"வூடு நெறைய வெச்சிக்கினு கீறவகிட்டதான் விப்பாங்க அம்முலு. அவ எதுக்குத் திரும்பக் கேக்கப் போறா. புள்ள இல்லாதவகிட்ட போயி யாருனா விப்பாங்களா?"

சும்மா எதையாவது கிளப்பாதே என்று அவளை அனுப்பிவிட்டேன். குடத்தை மறந்து வெறுங்கையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

16 பிப்ரவரி

தகரப் பெட்டியில் துணி அடுக்கினோம். அடியில் கவுன், அதன் மேல் மூத்திரத் துணி கட்டுக்கட்டாக, ஓரத்தில் வசம்பு, ஓமம், கிலுகிலுப்பை. என் சேலைகளை எதில் வைப்பது என்று கேட்டேன். அதற்கு வேறு பெட்டி இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்றாள் அண்ணி.

நேற்றுக் கட்டி அவிழ்த்த ஊதாச் சேலையைத் துவைக்கத் தேடினேன். கொடியில் இல்லை. பார்த்தால் பிள்ளையின் பெட்டியில், துணிக்கட்டுகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருக்கிறது. பால் சொட்டின கறையும் வேர்வையுமாக நாறுகிறது. அழுக்குச் சேலையை யார் இதில் வைத்தது என்று உருவினேன். அண்ணி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அத்தத் தொவைக்காத அம்முலு. அப்பிடியே கெடக்கட்டும்."

ஏன் என்றேன். மாமியார் முறத்தில் இருந்த அரிசியை விட்டுக் கண் எடுக்கவில்லை.

17 பிப்ரவரி

காலையிலிருந்து அந்தச் சேலையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ராணியம்மாளின் மகள் இரண்டாவது பிரசவத்துக்கு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவளுடைய மூத்த பிள்ளையை நாங்கள்தான் பார்த்துக்கொண்டோம். வீறிட்டு அழும்போதெல்லாம் அவள் கட்டி அவிழ்த்த சேலையைச் சுற்றிப் படுக்கவைத்தோம். அதில் தாய் வாசனை இருக்கும். பிள்ளை ஏமாந்து தூங்கிவிடும். துவைத்துவிட்டால் வாசனை போய்விடும் என்று அந்தச் சேலையை நான்தான் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குத்தான் அது வேண்டும்.

நான் கூடப் போனால் என் சேலை எதுக்கு? நான் போவல. நான் போவலயா? புட்டிப் பால், பெரிய கவுன், மடியில வெச்சி படம் — எல்லாம் என் கண்ணு முன்னாலதானே நடந்துது. துணிய கியிச்சி மடிச்சி வெச்சவளே நான்தானே. அய்யோ, என்னாட்டம் மடச்சி யாருனா உண்டா.

18 பிப்ரவரி

மாட்டுக்கொட்டகையில் இவர் தனியாக இருந்தபோது கேட்டேன். என் பேப்பர் வந்துவிட்டதா என்று மட்டும்தான் கேட்டேன்.

வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தார். உதறின வைக்கோலையே திரும்பத் திரும்ப உதறினார்.

"உனுக்கு வர்ல அம்முலு. அக்கா பேர்ல புள்ளய சேத்தாச்சி. நீ அடுத்த கப்பல்ல..."

அடுத்த கப்பல் எப்போது என்றேன். தெரியவில்லையாம். ஹார்பரில் வைத்து என்னிடம் சொல்வதாக இருந்தார்களாம். அங்கே வைத்துச் சொன்னால் நான் கூச்சல் போடமாட்டேன் என்று யார் இவருக்குச் சொன்னது? பிள்ளை திரும்பி வருமா என்று கேட்டேன். மாட்டைத் தட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

19 பிப்ரவரி

மாமியாருக்கு நான் தெரிந்துகொண்டது தெரிந்துவிட்டது. இன்று அவராகவே வந்து என் எதிரில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அழுதார். அங்கே சேட்டு அண்ணன் — அண்ணியின் வீட்டுக்காரர் — வேறு பெண் பார்த்தாயிற்றாம். அதற்காகத்தான் அண்ணி ஆடியிலேயே வந்து கோயில் கோயிலாக அலைந்தாளாம். பிள்ளையோடு போனால் அவர் மனசு மாறும் என்று இருக்கிறார்கள்.

"வெறுங்கையோட போனா அவன் வேற கட்டிக்குவான். நீ இன்னும் பெத்துக்குவ. அவ எங்க போவா, சொல்லு. தவுட்ட நீதான வாங்கின."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அண்ணியை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

என் பிள்ளை, தரமாட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே? சொன்னால் எமன் காதில் விழும். சொல்லாவிட்டால் கப்பல் ஏறிவிடும். இரண்டு பிள்ளைகளை ஏரிக்கரையில் கொண்டுபோய் வைத்தவள் நான். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்ல நாக்கு எழவில்லை. சரி அத்தை என்றேன். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. அண்ணி எனக்குத் தலை வாரிவிட்டாள்.

20 பிப்ரவரி

பிள்ளை அண்ணியைப் பார்த்துக் கையை நீட்டுகிறது.

21 பிப்ரவரி

ராணியம்மாளிடம் கேட்டேன். விற்ற பிள்ளையை மீட்கவும் முடியுமாம். வாங்கின தவிட்டுக்கு மேல் இரண்டு பிடி சேர்த்து, வாங்கினவளின் முந்தானையில் போடவேண்டும். வீட்டுக்குள்ளே செய்தால் செல்லாது. ஊர் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் கேட்டால் வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அவளே ரைஸ் மில்லுக்குப் போய்த் தவிடு வாங்கி வந்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. சலித்து வைத்திருக்கிறேன்.

எழுத்து எப்படிக் கோணலாகப் போகிறது பார்.

22 பிப்ரவரி

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

உத்திரமேரூரிலிருந்து வாடகைக்கார் வந்தது. வழியனுப்பத் தெருவே கூடிவிட்டது. பெட்டிகளை டிக்கியில் ஏற்றினார்கள். அந்த ஊதாச் சேலையைக் காலையிலேயே பெட்டியிலிருந்து உருவி, அழுக்கோடு அப்படியே கட்டிக்கொண்டேன். மாமியார் பார்த்து முகம் சுளித்தார். போகிற நாளில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

அண்ணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கார்க்கதவருகில் நின்றாள். நான் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்து காரின் மூக்கின் மேல் வைத்தேன். தவிட்டைப் பார்த்ததும் பேச்செல்லாம் நின்றுவிட்டது. இந்தத் தெருவில் அதற்கு யாரும் அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

"முந்தானைய விரி அண்ணி" என்றேன்.

மாமியார் நல்ல நேரம் தப்புகிறது என்று ஏதோ சொன்னார். இவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வண்டியை விட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டான். அண்ணி என்னையே பார்த்தாள். அவள் விரிக்காமல் காரில் ஏறியிருக்கலாம். ஏறியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் வாங்கும்போது ஊர் முன்னால் வாங்கினவள், திருப்பிக் கொடுக்கிறவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? முந்தானையை விரிக்க இரண்டு கையும் வேண்டும். பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் முறத்தைச் சாய்த்தேன். தவிடு பாதி காற்றில் போயிற்று.

"நீ குடுத்த தவுடு, மேல ரெண்டு புடி சேத்து கீது. எம் புள்ளய நான் வாங்கிக்கினேன்."

சொல்லிவிட்டேன். எம் புள்ள என்று சொல்லிவிட்டேன். என் காதுக்கே அந்நியமாகக் கேட்டது.

அண்ணி அழவில்லை, திட்டவில்லை. தவிட்டைக் கீழே உதறவும் இல்லை. முந்தானையை அப்படியே முடிந்துகொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள். இவர் ஹார்பர் வரைக்கும் கூடப் போனார்.

23 பிப்ரவரி

துணிப்பெட்டி டிக்கியிலேயே போய்விட்டது. கவுன், வசம்பு, மாசமெல்லாம் உட்கார்ந்து கிழித்த மூத்திரத் துணி அத்தனையும் கப்பல் ஏறிவிட்டன. இப்போது பிள்ளை இருக்கிறது, துணி இல்லை. மதராஸிலிருந்து வந்ததும் வராததுமாக இவருடைய நாலாவது வேட்டியை எடுத்தேன். அவரே ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் கிழித்தேன்.

மாமியார் என்னோடு பேசவில்லை. சாயங்காலம் சுவரைப் பார்த்து ஒன்று மட்டும் சொன்னார்.

"தவுட்ட மாடு தின்னல. அவ மடியில முடிஞ்சிக்கினு பூட்டா. நீ மீட்டது மீட்டதாவாது."

அதை நான் யோசிக்கவே இல்லையே.

2 மார்ச்

பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

3 மார்ச்

இறங்கவில்லை. புட்டிப் பால் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம் என்கிறது. உத்திரமேரூர் டாக்டர் ஊசி போட்டார். கண்ணைத் திறந்தால் மூடவில்லை, மூடினால் திறக்கவில்லை. முந்தினது போனபோதும் இப்படித்தான் இருந்தது. இப்படியேதான்.

இவள் இப்போது யாருடையவள்? நான் விற்றுவிட்டேன். மீட்டது பாதியில் நிற்கிறது. மிச்சப் பாதி கடலில் அண்ணியின் முந்தானையில் இருக்கிறது. யாரிடம் போய் முறையிடுவது? வாயை அடக்கியிருந்தால் எங்கேயோ உயிரோடு இருந்திருப்பாளே. கப்பலில் அழுதுகொண்டாவது இருந்திருப்பாளே.

இவள் பவளத்தின் பிள்ளை — என்று எழுதினேன். அடித்துவிட்டேன். என் பிள்ளை. எம் புள்ள. எமனே, நல்லா கேட்டுக்கோ, எம் புள்ள.

5 மார்ச்

காதோரம் சிவப்பாகப் பொரி கண்டிருக்கிறது. மணல்வாரி அம்மை என்றார் மாமியார். வாசலில் வேப்பிலை செருகினார். பிள்ளையை என் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு விசிறினார். என்னைத் தூங்கச் சொன்னார். பேசின முதல் பேச்சு அதுதான்.

12 மார்ச்

பிச்சம்மாவுக்கு இன்று தண்ணீர் ஊற்றினோம். முடி எல்லாம் கொட்டி எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறாள். குளிக்கும்போது என்னைக் கடித்தாள். இரண்டு பல் முளைத்திருக்கிறது.

மாமியார் சிரித்தார். அப்புறம் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கிழக்கே பார்த்து வெகுநேரம் நின்றார். அவருடைய பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது.

11 ஜூன் 1979

உரக்கடையில் கொடுத்த பழைய டைரியில் பின்பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

மத்தியான பஸ்ஸில் அண்ணி வந்து இறங்கினாள். கையில் அதே தகரப் பெட்டி மட்டும்தான். வேறு ஒன்றும் இல்லை. கழுத்தைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. தாலி இருந்தது, சங்கிலி இல்லை. மஞ்சள் கயிற்றில் கோத்திருந்தாள். சேட்டு அண்ணன் போன தையிலேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டாராம். அவள் இப்போது முழுகாமல் இருக்கிறாளாம். அண்ணி இதைச் சொன்ன விதம், ஊரில் மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி இருந்தது. மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். என்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்தாள். கவுன்கள் மடித்தபடியே இருந்தன. துணிக்கட்டுகள் இல்லை. கப்பலில் பினாங்குக்குப் போகிற ஒருத்தி கைப்பிள்ளையோடு துணி போதாமல் திண்டாடினாளாம். எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாள். இவருடைய வேட்டித் துணி, நான் கிழித்தது. அதில் அந்தத் தவிட்டை முடிந்து வைத்திருந்தாள். இத்தனை நாளும்.

பிச்சம்மா எங்கே என்று கண் தேடியது. கொடியடியில் கோழிக்குஞ்சை விரட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி முடிச்சோடு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தொட்டியில் அவிழ்த்துக் கொட்டினாள். பூச்சி விழுந்து கட்டி கட்டியாக இருந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அண்ணி கையால் தள்ளிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் தின்னவில்லை. அவளுக்கு உதடு கோணியது. நான் ஓடிப்போய்க் கழுநீர்ப் பானையைத் தூக்கி வந்து ஊற்றினேன். இரண்டு பேரும் கையை விட்டுக் கலக்கினோம். மாடு வாயை வைத்தது. குடித்து முடித்து, தொட்டியின் அடியை நக்கும்வரை இரண்டு பேரும் நின்றோம்.

அண்ணி அந்தத் துணியைக் கிணற்றடியில் அலசிக் கொடியில் போட்டாள். பிச்சம்மா கோழிக்குஞ்சை விட்டுவிட்டு வந்து, யார் இது என்று என் காலைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அத்தை என்றேன். அவளைத் தூக்கி அண்ணியின் இடுப்பில் வைத்தேன். அண்ணி பின்னால் நகர்ந்தாள். நான் விடவில்லை.

"எம் புள்ள இது அண்ணி. வளத்துக் குடு."

சொல்லிவிட்டு உலைக்கு அரிசி களையப் போனேன். இன்றைக்கு இரண்டு பிடி கூடப் போடவேண்டும்.